அரைப் பேர்ச் நிலமும் ஒரு புதிய உழவு இயந்திரமும்

யாழ்ப்பாணத்தில் புதிதாக உழவு இயந்திரம் வாங்கிய ஒருவரிடம் ஊரவர்கள் முதலில் கேட்பது விலையை. அடுத்தது, மாதத் தவணை எவ்வளவு என்று. மூன்றாவதாகத்தான் "உதை எங்க விடப்போறியள்?" என்பார்கள். முதல் இரண்டுக்கும் பதில் தாளில் அச்சாகிக் கைக்கு வந்துவிடும். மூன்றாவதுக்குப் பதில் தேட எனக்கு ஏழு மாதங்கள் எடுத்தன. முற்பணம் கட்டுவதற்கு முன்பே இடம் பார்க்கத் தொடங்கியும் அவ்வளவு காலம். இடையில் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் எத்தனையோ தொலைபேசி அழைப்புகள், ஒரு சட்டத்தரணி, இரண்டு சாட்சிகள். இத்தனையும் அரைப் பேர்ச் நிலத்துக்காக.

சின்ன உழவு இயந்திரங்கள் இப்போது வலிகாமத்தில் பல இடங்களிலும் கண்ணில் படுகின்றன. வாங்கும் யோசனையோடு பலர் என்னிடமும் விசாரிக்கிறார்கள். அவர்கள் கேட்பது எஞ்சினைப் பற்றி, ரொட்டவேற்றரைப் பற்றி, உதிரிப்பாகத்தைப் பற்றி. நான் திருப்பிக் கேட்பது வளவைப் பற்றி. இந்த இயந்திரத்தை வைத்திருப்பதில் கடினமான பகுதி அதுதான் என்பது என் அபிப்பிராயம். அதனாலேயே இந்தக் கட்டுரை.

முதலில், ஏன் சின்னது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் ஏக்கரில் எண்ணப்படுபவை அல்ல. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒருவரிடம் ஐந்து பரப்பு ஓரிடத்திலும், மூன்று பரப்பு இன்னோரிடத்திலும், சீதனமாக வந்த இரண்டு பரப்பு வேறொரு குறிச்சியிலும் இருக்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை, இடையில் வாழை. 45 குதிரைவலுவுக்கு மேற்பட்ட பெரிய இயந்திரம் இப்படியான துண்டுக்குள் இறங்கினால் உழுவதைவிடத் திரும்புவதற்கே அதிக இடம் எடுக்கும். இரண்டு தொன் எடையோடு ஒரே மூலையில் மீண்டும் மீண்டும் திரும்பும்போது செம்மண் அமுங்கி இறுகிவிடும். அந்த மூலையில் வெங்காயம் கட்டாது. மற்றப் பக்கம் லாண்ட்மாஸ்டர் இருக்கிறது. சிறு துண்டுகளுக்கு அதைப்போல் உதவியது வேறில்லை. ஆனால் கைப்பிடியைப் பிடித்து நாள் முழுக்க அதன் பின்னால் நடந்தவனுக்குத்தான் இரவில் தோள்மூட்டு என்ன சொல்லும் என்று தெரியும். இளம் பெடியள் அந்த வேலைக்கு வருவதும் குறைந்துவிட்டது.

வாடகைக்குப் பிடிக்கலாமே என்பீர்கள். பிடிக்கலாம். ஆனால் புரட்டாதிக் கடைசியில் முதல் மழை விழுந்தவுடன் எல்லோருக்கும் ஒரே கிழமையில் இயந்திரம் வேண்டும். நெல் வயல்காரர்களின் ஏக்கர்க் கணக்கு முடிந்த பிறகுதான் எங்கள் பரப்புக் கணக்குக்கு முறை வரும். மண் சரியான ஈரத்தில் இருக்கும் மூன்று நான்கு நாட்களைத் தவறவிட்டால் பிறகு சேற்றைத்தான் கிண்ட வேண்டும். ஆகவே வாங்கினேன். மூன்று சிலிண்டர், 24 குதிரைவலு, நான்கு சக்கரமும் இழுக்கும், எடை ஒரு தொன்னுக்குள். லீசிங்கில்தான். தவணை முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிதி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். அதாவது இயந்திரம் மழையில் கிடந்து பழுதானாலும் தவணை பழுதாகாது. அது மாதம் தவறாமல் வரும்.

இனி அளவுக் கணக்கு. விற்பனை நிலையத்தில் வைத்தே அளவுநாடாவால் அளந்தேன். இயந்திரத்தின் நீளம் எட்டு அடிக்கு ஒரு விரற்கடை குறைவு. அகலம் மூன்றரை அடி. கேட்பதற்குச் சிறிதுதான். ஒரு பழைய காரைவிடக் குறைவு. ஆனால் உழவு இயந்திரம் தனியாக நிற்பதில்லை. பின்னால் ரொட்டவேற்றர் பூட்டியிருக்கும், அதற்கு இன்னும் மூன்று அடி. இயந்திரத்தைச் சுற்றி ஒரு ஆள் குனிந்து கிறீஸ் அடிக்க, ஒயில் மாற்ற, ரயரைக் கழற்ற இரண்டு பக்கமும் குறைந்தது மூன்று அடி வேண்டும். கழற்றி வைத்த கலப்பைக்கும் பாத்திகட்டிக்கும் ஒரு மூலை வேண்டும். கூட்டிப் பார்த்தால் 10 அடிக்கு 14 அடி. 140 சதுர அடி. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி என்பதால் இது கிட்டத்தட்டச் சரி அரைப் பேர்ச்.

அத்துடன் முடிவதில்லை. உள்ளே நிற்க அரைப் பேர்ச் போதும், உள்ளே வருவதற்கு வழி வேண்டும். எங்கள் ஒழுங்கை எட்டடி. படலை ஆறடி. மூன்றரை அடி இயந்திரம் ஆறடிப் படலைக்குள் நேராக வந்தால் தாராளமாகப் போகும். ஆனால் ஒழுங்கையில் இருந்து வளவுக்குள் நேராக வர முடியாது, திரும்பித்தான் வர வேண்டும். முன்பக்கம் படலைக்குள் நுழையும்போது பின்னால் இருக்கும் ரொட்டவேற்றர் எதிர்வீட்டு மதிலை நோக்கி வீசும். கிளுவை வேலி இருந்த காலத்தில் நாலு கதியால் முறிந்திருக்கும், அவ்வளவுதான். இப்போது எல்லாம் மதில். ஊருக்குத் திரும்பி வந்து வெளிநாட்டுக் காசில் வீடு கட்டிய எல்லோரும் முதலில் எழுப்பியது மதிலைத்தான். அதில் ஒரு கீறல் விழுந்தால் நான்கு தலைமுறைச் சண்டை. பக்கத்து வீட்டு அண்ணை நல்ல மனிதர். இருந்தாலும் அவர் மதிலை நான் சோதித்துப் பார்க்க விரும்பவில்லை.

முந்தின காலத்து வளவுகளில் இந்தக் கேள்வியே எழுந்திராது. எங்கள் பேரனார் காலத்து வீட்டில் மாட்டுக் கொட்டில் தனி, வண்டில் விட ஒரு கொட்டில், வைக்கோற்போர் நிற்க இடம், புகையிலை உணர்த்த ஒரு குடில். மனிதர்கள் படுத்த இடம்தான் ஆகச் சிறியது. வண்டிலும் மாடும் திரும்பக்கூடிய அகலத்தில்தான் முற்றம் இருந்தது. உழவு என்பது வீட்டின் ஓர் அங்கம் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட வளவு அது.

பிறகு நடந்தவை வாசகர்களுக்குத் தெரியும். 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து சனங்கள் வெளிக்கிட்டார்கள். 2009க்குப் பிறகு காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது பலருக்கு வீடுமில்லை, வேலியுமில்லை, சில இடங்களில் ஒழுங்கை எதுவென்றும் தெரியவில்லை. வீட்டுத்திட்டங்கள் வந்தன. வடக்கு கிழக்கில் 46,000 வீடுகளை இலக்காகக் கொண்ட இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், ஏறத்தாழ 550 சதுர அடி வீடு. அந்த வீடுகள் எத்தனையோ குடும்பங்களுக்குத் தலைக்கு மேல் கூரை தந்தன. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் படத்தில் மண்வெட்டி வைக்கக்கூட ஓர் இடம் வரையப்படவில்லை. கமக்காரனின் வீட்டைக் கமமில்லாத மனிதனின் வீடாகத்தான் வரைந்திருந்தார்கள். இப்போது தெளிகருவி ஒரு அறையில், மோட்டர் ஒரு மூலையில், விதை உருளைக்கிழங்கு கட்டிலுக்குக் கீழே. இந்த வரிசையில் உழவு இயந்திரமும் வந்து சேர்ந்தால்?

எங்கள் வீடு வீட்டுத்திட்ட வீடு அல்ல. மனைவியின் சீதனக் காணியில் ஒன்றரைப் பரப்பில் நிற்கிறது. அந்தக் காணி முதலில் ஆறு பரப்பாக இருந்தது. நான்கு பிள்ளைகளுக்குப் பிரிந்து ஒன்றரை ஆனது. வீடு, கிணறு, மலசலகூடம், ஒரு தென்னை, இரண்டு மா, வெங்காயக் கொட்டில். இயந்திரத்துக்கு உகந்த ஒரே இடம் அந்த வெங்காயக் கொட்டில்தான். சரியாக 10 அடிக்கு 15 அடி, தகரக் கூரை, நான்கு பக்கமும் காற்று. மனைவியிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ, மிசின் கடன்ல வந்தது. வெங்காயம்தான் அந்தக் கடனைக் கட்டப்போகுது. கட்டுறதை வெளியில விட்டிட்டு, கட்டுப்படுறதை உள்ளுக்க விடுறதோ?"

இதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் சொன்னது கணக்கிலும் சரி. சின்ன வெங்காயத்தைப் பிடுங்கிய கிழமையில் விற்றால் ஒரு விலை, பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு மூன்று மாதம் காத்திருந்தால் இன்னொரு விலை. அதோடு டீசல் மணமும் புகையும் வெங்காயத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

தோட்டத்திலேயே, மோட்டர் கொட்டிலுக்குப் பக்கத்தில் விடலாம் என்று சிலர் சொன்னார்கள். பகலில் விடலாம். இரவில் அங்கே ஆள் இல்லை. பற்றறியைக் கழற்றிக்கொண்டு போக ஐந்து நிமிடம் போதும், டீசல் தாங்கியை உறிஞ்ச இன்னும் ஐந்து நிமிடம். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற பிறகு அந்தக் கள்ளம் குறைந்திருக்கும் என்று நினைக்கவும் முடியவில்லை. காப்புறுதிப் படிவத்திலும் இரவில் எங்கே நிற்கும் என்று ஒரு வரி இருந்தது. வெறும் தோட்டம் என்று எழுத என் கை வரவில்லை.

நான்காம் மாதம் இயந்திரம் வந்து சேர்ந்தது. இடம் முடிவாகவில்லை. படலைத் தூண் ஒன்றை இடித்து, வாயிலை ஒன்பது அடியாக அகட்டி, முற்றத்தில் தறப்பாளைப் போட்டு மூடி நிறுத்தினேன். தற்காலிகம் என்றால் தறப்பாள் பரவாயில்லை. ஆனால் பலர் அதையே நிரந்தர ஏற்பாடாக்கி விடுகிறார்கள். அது நல்லதல்ல. தறப்பாள் மேலிருந்து வரும் மழையைத் தடுக்கும், கீழிருந்து வரும் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். காலையில் தூக்கிப் பார்த்தால் பொனற் முழுக்க வியர்த்திருக்கும். எங்கள் காற்றில் கடல் உப்பு வேறு. வயர் முனைகளில் பச்சை பூக்க ஒரு மாரி போதும்.

வெயிலும் குறைந்த எதிரி அல்ல. ரயர் வேலைசெய்து தேய்வதற்கு முன்பே வெயிலில் நின்று வெடிக்கத் தொடங்கும். இருக்கையின் உறை, ஸ்ரியறிங், ஹைட்ரோலிக் குழாய்கள் எல்லாம் அப்படித்தான். வெடிப்பு முதலில் மயிரிழையாகத் தெரியும். தெரியும்போது ஒன்றும் செய்வதற்கில்லை.

இதைவிட மோசம் எலி. எஞ்சின் சூடு ஆறாமல் இருக்கும் மாரி இரவுகளில் அவை பொனற்றுக்குள் குடிவந்து வயரைக் கடிக்கும். இதற்கு மருந்தைவிட வழக்கம் முக்கியம். இயந்திரம் நிற்கும் கொட்டிலில் நெல்லு மூட்டை, கடலை, வைக்கோல், மாட்டுத்தீவனம் எதுவும் இருக்கக் கூடாது. சாப்பாடு இல்லாத இடத்தில் எலிக்கு வேலை குறைவு. புகைக்குழாய்க்கு மேல் ஒரு வெற்றுப் பால்மா ரின்னைக் கவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அணில் தும்பைக் கொண்டுவந்து அடைக்கும். ஸ்ராட் பண்ண முன்னர் ரின்னை எடுக்க மறந்தால் அது பறந்துபோய் விழும், பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

உரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இயந்திரக் கொட்டிலில் யூரியா மூட்டையைச் சாய்த்து வைக்காத கமக்காரரை நான் அதிகம் கண்டதில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது பட்ட பாட்டில், கிடைத்த மூட்டையைக் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கும் பழக்கம் பலருக்கு ஒட்டிக்கொண்டது. யூரியா காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அந்த ஈரத்தூள் இரும்பில் படிந்தால் துரு வேகமாகப் பிடிக்கும். அமோனியம் சல்பேற் இன்னும் கெட்டது. உரத்துக்கு வேறு மூலை தேடுங்கள். தெளிமருந்துக்கும் அப்படியே.

இரவில் நிறுத்தும்போது நான் செய்வது நான்கு வேலைகள்தான். ரொட்டவேற்றரை நிலத்தில் இறக்கிவிடுவேன், தூக்கியபடி விட்டால் ஹைட்ரோலிக்கில் பாரம் நிற்கும், பிள்ளைகள் நெம்பைத் தட்டினால் காலில் விழும். டீசல் தாங்கியை நிரப்பி வைப்பேன், வெற்றிடத்தில்தான் இரவுக் குளிருக்கு நீர் படியும். சாவியை வீட்டுக்குள் கொண்டுபோவேன். ஒரு கிழமைக்கு மேல் ஓடாது என்று தெரிந்தால் பற்றறியின் கறுப்பு முனையைக் கழற்றுவேன்.

இனி அரைப் பேர்ச்சின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வளவுக்கு அடுத்தது அம்மானின் காணி. மூன்று பரப்பு. அம்மான் காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். மூத்த மச்சான் ரொறன்ரோவில், மச்சாள் இலண்டனில், இளையவன் பரிசில். காணி இன்னும் பங்கு பிரிக்கப்படவில்லை, உறுதி அம்மானின் பெயரிலேயே இருக்கிறது. உள்ளே இடிந்த வீட்டின் அத்திவாரம், பற்றை, இரண்டு பனை. மழைக்காலத்தில் நுளம்பு பெருகுகிறது, துப்புரவாக்குங்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அறிவித்தல் தருவார். அதை வாங்குவதும் நான்தான், கூலிக்கு ஆள் பிடித்து வெட்டுவிப்பதும் நான்தான். அந்தக் காணிக்கு ஒழுங்கை முடக்கில் பன்னிரண்டடி முகப்பு இருக்கிறது. இயந்திரம் நேராகவே உள்ளே போகலாம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ரொறன்ரோ மச்சானிடம் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "நீ போடு மச்சான், ஆர் கேக்கப் போகினம்?" என்றார். இளையவன், நீங்கள் பேசி முடியுங்கோ என்று குரற்செய்தி அனுப்பினான். இலண்டன் மச்சாள் இரண்டு நாள் கழித்து எடுத்தார்.

"அத்தான், நான் உங்களில சந்தேகப்படேல்ல. ஆனா பத்து வருசக் கதை எண்டு ஒண்டு இருக்கு. உங்களுக்கும் தெரியும்."

தெரியும். வடக்கில் எல்லோருக்கும் தெரியும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, தனியார் காணி ஒன்றை உரிமையாளருக்கு எதிராக, அவரது உரிமையில் தங்காமல், பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டு வந்தவர் அதற்கு உரிமை கோரலாம். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் ஊரில் உள்ள தன் காணியில் யாரோ ஒரு தகரம் அடித்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால் இதைத்தான் முதலில் நினைப்பார். நினைப்பதில் பிழையும் இல்லை. போர்க்காலத்தில் விட்டுப்போன காணியில் வேறொருவர் குடியிருந்து, பிறகு நீதிமன்றப் படி ஏறிய குடும்பங்கள் எங்கள் ஊரிலும் உண்டு. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தம் காணியில் உரிமையைப் பேண முடியாமற்போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக்கூடாது என்பதற்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்றைத் தனியாகக் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், பிரச்சினை எவ்வளவு பரந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

மச்சாளின் சொல்லில் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை அல்ல. பற்றை வெட்டுவிக்கும்போது இல்லாத பத்து வருசக் கதை இப்போது எங்கிருந்து வந்தது என்று ஒரு இரவு முழுக்க நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். முப்பது வருடங்களாக ஊரைக் காணாத ஒருவருக்கு ஊரில் மிஞ்சியிருப்பது அந்த உறுதிக் கடதாசி ஒன்றுதான்.

யாழ்ப்பாண நகரில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன். அவர் விளக்கியது எளிமையானது, பலருக்கும் பயன்படும். பத்து ஆண்டு என்ற எண்ணைவிட, 'உரிமையாளருக்கு எதிராக' என்பதே அந்தச் சட்டத்தின் உயிர். உரிமையாளரின் அனுமதியோடு உள்ளே போனவர், அந்த அனுமதியின் கீழ் இருக்கும்வரை, இருபது ஆண்டு இருந்தாலும் அவருக்கு உரிமை பிறக்காது. கூட்டுச் சொந்தக்காரருக்கும் இதைப்போன்ற பாதுகாப்பு உண்டு. ஒருவர் ஆள்வது எல்லோருக்காகவும் ஆள்வதாகவே கொள்ளப்படும் என்று 1911இல் கொரேயா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் தீர்ப்பளித்தது. இன்றும் எங்கள் நீதிமன்றங்களில் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு அது. ஆகவே அனுமதியை எழுத்தில் வைத்துவிட்டால் மச்சாளின் பயத்துக்கும் மருந்து, எனக்கும் நிம்மதி.

வருடத்துக்கு ஒரு சிறு தொகை வாடகையாகக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வாடகை என்று வந்தால் அது குத்தகை என்ற பேச்சு வரும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். மூன்று நாடுகளில் இருப்பவர்களை வைத்துக்கொண்டு அதைச் செய்வது பெரிய வேலை. வெறும் அனுமதிக் கடிதமே போதும்.

கடிதம் ஒரு பக்கம்தான். காணி மூவருக்கும் உரியது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அவர்களது அனுமதியோடு மட்டுமே முகப்புப் பக்கத்தில் 10 அடிக்கு 14 அடி கொட்டில் போடுகிறேன். கொட்டில் கழற்றக்கூடியது, நிரந்தரக் கட்டடம் எதுவும் கட்டமாட்டேன். மரம் தறிக்கமாட்டேன். அவர்களில் எவர் கேட்டாலும் மூன்று மாதத்தில் கழற்றுவேன். அதுவரை காணியைத் துப்புரவாக வைத்திருப்பேன். இரண்டு சாட்சிகள். ஒவ்வொரு தை மாதமும் புதிதாகத் திகதியிட்டுக் கையெழுத்து. அதன் படமும் கொட்டிலின் படமும் மூவருக்கும் போகும். முதற்கடிதம் போன அன்றிரவே மச்சாளிடமிருந்து, "சரி அத்தான்" என்று பதில் வந்தது. அதற்கு முன் இரண்டு கிழமை மௌனம்.

சிலர் இதைக் கேட்டு, சொந்தத்துக்குள் கடிதமா என்று முகம் சுழித்தார்கள். சொந்தத்துக்குள் வழக்கு நடப்பதைவிடக் கடிதம் நடப்பது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். வாயால் தந்த அனுமதி தந்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் சாட்சி சொல்லும். அவருடைய பிள்ளைகளுக்கும் என்னுடைய பிள்ளைகளுக்கும் அது தெரியாது.

கடிதத்தில் எழுதியபடியே கொட்டிலையும் கட்ட வேண்டியிருந்தது. ஆறு இரும்புக் குழாய்க் கால்கள். கொங்கிறீற்றில் புதைக்காமல், வார்த்த பாதக்கட்டைகளின் மேல் நட்டுப் போட்டு இறுக்கியவை. கூரைக்குத் தகரச் சீற். நிலத்துக்குக் கிறவல் பரப்பி, சக்கரம் ஓடும் இரண்டு தடத்திலும் நடைபாதைக் கற்களை அடுக்கினேன், அவையும் பெயர்க்கக்கூடியவை. வடக்கும் கிழக்கும் கீழ்வரை அடைப்பு, ஏனென்றால் மழை வாடைக் காற்றோடுதான் சரிந்து அடிக்கும். தெற்குப் பக்கம் வாயில். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி உள்ளே வருகிறது. தூசியைத் துடைக்கலாம், மழையைத் துடைக்க முடியாது என்பதால் அந்தத் தெரிவு. கூலியும் சேர்த்து ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேலே போனது. இயந்திரம் வாங்கும்போது இந்தத் தொகையை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், விலைப்பட்டியலில் அது இருக்காது. நீங்களாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரை உயரத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறடி போதும், தகரம் மிச்சம் என்று மேசன் சொன்னார். நான் எட்டரை அடி என்றேன். காரணம் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் அந்த இரும்பு வளைவு. இயந்திரம் புரண்டால் ஓட்டுபவரை நசுங்காமல் காப்பதற்கென்று வைக்கப்பட்டது அது. இடுப்புப் பட்டியைக் கட்டியிருந்தால்தான் அது காக்கும். சின்ன இயந்திரங்களில் அதை ஊசியைக் கழற்றி மடிக்கலாம். பதிவான கொட்டிலுக்குள்ளும் மரக்கிளைக்குக் கீழும் போவதற்காகத் தந்த வசதி. நடப்பது என்ன? கொட்டில் ஆறடியாக இருந்தால் காலையில் எடுக்கும்போதும் மாலையில் விடும்போதும் மடிக்க வேண்டும், நிமிர்த்த வேண்டும். ஒரு கிழமை செய்வார்கள். பிறகு மடித்தபடியே தோட்டத்துக்குப் போவார்கள், மடித்தபடியே வாய்க்கால் வரம்பில் ஏறுவார்கள். சின்ன இயந்திரம், புரளாது என்று ஒரு நம்பிக்கை. அகலம் குறைந்த இயந்திரம்தான் பெரியதைவிடச் சுலபமாகச் சாயும். இரண்டரை அடித் தகரத்தில் மிச்சம் பிடிக்கிற காசு அந்த இடத்தில் எதற்கும் உதவாது.

அதேபோல, அடைப்புள்ள கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றும் பழக்கமும் வேண்டாம். டீசல் புகைக்குப் போக வழி இருக்க வேண்டும். வெளியே எடுத்து ஓடவிடுங்கள்.

கிளிநொச்சியில் இருக்கும் என் சகலன் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். அவருக்கு வீட்டுக்காணி மட்டும் அரை ஏக்கர், இயந்திரத்தை எங்கே விடுவது என்பது அவருக்கு ஒரு கேள்வியே அல்ல. ஆனால் 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்ட அந்த இரவில் அவர் உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டுபோய் ஏ9 வீதியோரம் விட்டுவிட்டு விடியும்வரை அதிலேயே குந்தியிருந்தார். இப்போது கொட்டில் நிலத்தை இரண்டடி உயர்த்தியிருக்கிறார். அவருடையது உத்தரவுப்பத்திரக் காணி, எங்களுடையதைப்போல் உறுதிக் காணி அல்ல. அரச காணியில் பத்து வருசக் கதை செல்லாது. ஆனால் அதற்குள் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கே அவர் பிரதேச செயலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு கடதாசி.

சிலர் சேர்ந்து ஒரு பொதுக் கொட்டில் போடலாமே என்று ஒரு யோசனை எங்கள் கமக்காரர் அமைப்பில் வந்தது. ஒழுங்கைக்குள் நிற்கும் நாலைந்து இயந்திரங்கள் ஒரே கூரைக்குக் கீழ், ஒரு காவலாளியோடு. எனக்கு நல்ல யோசனையாகவே படுகிறது. கோயில் காணியா, சங்கக் காணியா என்பதில் பேச்சு நிற்கிறது. இரண்டு கூட்டம் நடந்தது, மூன்றாவது கூட்டத்துக்கு வெங்காய நடுகை வந்துவிட்டது.

இந்தத் தை மாதக் கடிதத்துக்கு மூவரும் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டார்கள். மச்சாள் அதில் தன் கையெழுத்துக்குக் கீழே, பனை இரண்டையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார். இப்போது மிச்சம் இருப்பது பெட்டி. உழவு இயந்திரம் வாங்கியவன் பெட்டி வாங்காமல் இருக்க முடியாது, உரமும் வாழைக்குலையும் எதில் ஏற்றுவது? பழையதொன்றைப் போன மாதம் வாங்கினேன். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், அதற்குமேல் இழுவைக் கம்பி. கடிதத்தில் உள்ள 140 சதுர அடிக்குள் அது அடங்காது. இப்போதைக்குப் பக்கத்து வீட்டு அண்ணையின் வேம்புக்குக் கீழே நிற்கிறது, மதிலுக்கு நன்றாக விலத்தி.